ஆளில்லாத வாசல்

"தங்கராசு, வருகை பதிவானது" என்றது ரைஸ் மில் வாசலில் இருந்த கேமரா. வாசலில் ஈ காக்கை இல்லை.

களத்தில் காலால் நெல் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். முகம் பார்த்து வருகை பதியும் அந்தக் கம்ப்யூட்டர் மூளையைப் பழக்கியவள் மணிமொழி. செஞ்சியில் அவளுக்குக் கிடைத்த முதல் ஆர்டர்.

"இன்னாம்மா இது?" முதலாளி அரிகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தினார். "தங்கராசு நம்ம பழைய வாட்ச்மேன். போன ஆடியிலயே செத்துட்டாரு."

மணிமொழி லேப்டாப்பைத் திறந்தாள். "தப்பா கத்துக்கிச்சுண்ணே. புதுசா பழக்கிடறேன்."

பழக்குவதென்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு மலைமேலிருந்து கல்லை உருட்டுவது மாதிரி. உருண்டு உருண்டு, தவறு குறைவான ஒரு பள்ளத்தில் போய் நிற்கும். வேறிடத்தில் விட்டால் பெரும்பாலும் வேறு பள்ளம்.

வேறிடத்தில் விட்டாள். அதே பள்ளம். மறுபடியும் விட்டாள். செஞ்சிக்கோட்டையின் ராஜகிரி மலையில் உருட்டினாலும் எதிரே கிருஷ்ணகிரி மலையில் உருட்டினாலும் ஒரே குழியில் விழுந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

கல் பள்ளத்திலிருந்து எகிறி வெளியே வரட்டுமென்று, அது ஒவ்வொரு முறையும் தாவும் தூரத்தைப் பெரிதாக்கிப் பழக்கினாள். வினையாகிப் போனது. கேமரா இப்போது அரிகிருஷ்ணனையே பார்த்து, "தங்கராசு" என்றது.

"என்னியே சாவடிச்சிட்டியேம்மா!"

"நாளைக்கு நாங்க வரல" என்று களத்திலிருந்து பவுனம்மாள் கத்தினாள்.

வேறு வேறு இடத்தில் விட்டுப் பழக்கிய இரண்டு மூளைகளும் போய் நின்ற இடங்களுக்கு நடுவே மேடு இருக்கிறதா என்று அளந்தாள் மணிமொழி. இல்லை. ஒரே சமதளம். நடுவில் எங்கே நின்று கேட்டாலும் அதே பெயர். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் உள்ளே இழுத்துக்கொள்கிற பள்ளம்.

முதலில் செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்தாள். பழக்குவதற்குக் கொடுத்திருந்த படங்களில் தங்கராசு பெயரில் இருந்தவற்றைத் திறந்தாள். எல்லாமே வெறும் வாசல். ஒன்றில்கூட ஆள் இல்லை.

வாய்விட்டுச் சிரித்தாள். "வெறும் வாசலுக்குத் தங்கராசுன்னு பேர் வெச்சா மெஷின் இன்னாண்ணே பண்ணும்? இது பேய் வேலை இல்ல, போட்டோகிராபர் வேலை!"

அரிகிருஷ்ணனும் சிரித்தார். பவுனம்மாள்கூடக் கிட்டே வந்தாள். போன வாரம் மில் ஆட்களை வாசலில் நிறுத்திப் படமெடுத்த ஸ்டுடியோ பிரசாந்துக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள் மணிமொழி.

"ஏன் பிரசாந்து, ஆள் இல்லன்னா விட்டுட்டுப் போவ வேண்டியதுதானே? காலி வாசல எதுக்கு எடுத்த?"

"காலி வாசலா? இன்னாக்கா சொல்ற? 'என்னை எடுக்காம போவக்கூடாது'ன்னு அந்தப் பெரியவரு அடம்புடிச்சி நின்னாரே, தங்கராசுன்னு பேரு சொன்னதே அவர்தானே!"