இல்லை என்று சொல்லாத கெர்னல்

தறி மறுபடியும் நின்றுவிட்டது.

"என்னப்பா சிவராஜ், உன் பொட்டி திரும்ப மக்கர் பண்ணுது!" என்றார் தறிக்கூட முதலாளி வீரபாகு. "நாளைக்கு என் பொண்ணு அகிலாவோட முகூர்த்தப் புடவைக்குப் பாவு ஏத்தணும். இன்னிக்குள்ள சரியாவலைன்னா பொட்டியைக் கழட்டிக்கினு போய்டு."

எந்த இழையைத் தூக்குவது என்று தறிக்குச் சொல்லும் அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி, சிவராஜ் எழுதிய நிரலில் ஓடுவது. நிரல் கொஞ்சம் மெமரி கேட்டிருந்தது. கெர்னல் இல்லையென்றுவிட்டது. நிரல் தலைகுப்புற விழுந்துவிட்டது.

சிவராஜால் நம்பவே முடியவில்லை. கம்ப்யூட்டருக்குள் எல்லா நிரல்களுக்கும் மெமரியில் இடம் பிரித்துக் கொடுக்கும் கெர்னல் மீது அவனுக்கு அப்படியொரு பக்தி. காமாட்சியம்மன்கூட ஒரு சமயம் மறுப்பாள், இத்தனூண்டு இடம் கேட்டால் கெர்னல் மறுக்காது என்று சொல்லித் திரிபவன். மறுத்தால் என்ன செய்வது என்று ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

"சார், ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தாள் லில்லி. நிரலைச் சோதிக்கக் கூட வந்திருந்தவள்.

"அப்புறம் லில்லி. இப்ப டென்ஷன் பண்ணாதே."

கெர்னல் இல்லையென்று சொன்னால் பேசாமல் திரும்பிவிடு என்று எழுதினான். நிரல் திரும்பியது, அதுவரை வாங்கியதையெல்லாம் கையிலேயே வைத்துக்கொண்டு. தூக்கிய இழைகள் தூக்கியபடியே நின்றன.

கிடைக்கும்வரை விடாமல் கேள் என்று மாற்றினான். அது கேட்டது, கேட்டது, மூச்சுவிடாமல் கேட்டது. பெட்டி அனலாய்ச் சுட்டது. பொத்தானை அழுத்தினாலும் மசியவில்லை.

வீரபாகு ஸ்க்ரூ டிரைவரைத் தேட ஆரம்பித்தார்.

"சார், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"லில்லி, ப்ளீஸ்!"

சிவராஜ் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தான். தப்பாக விழுந்த ஊடையை, அந்தக் குறுக்கிழையை, பின்னாலிருந்து பிரித்து வருவதுபோல, கடைசியாக வாங்கியதை முதலில் திருப்பிக் கொடு, பிறகு அதற்கு முந்தையதை என்று எழுதினான்.

கெர்னல் இல்லையென்றது. நிரல் வாங்கியதையெல்லாம் ஒவ்வொன்றாய்த் திருப்பிக் கொடுத்தது. இழைகளை மெல்ல இறக்கியது. சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டது. இந்தமுறை கிடைத்தது. விட்ட இடத்திலிருந்தே தறி ஓடியது. ஓர் இழைகூட அறவில்லை.

சிவராஜுக்கு மெய்சிலிர்த்தது. வீரபாகு பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நாளைக்கே பாவு ஏத்திடலாம்பா!"

"பாத்தியா லில்லி! மெமரியே இல்லாதப்பவும் எப்படிச் சமாளிக்குது!"

"மெமரி பாதிக்கு மேல சும்மாதான் சார் கெடக்குது. அப்பப்ப இல்லைன்னு சொல்லச் சொல்லி கெர்னலை செட் பண்ணதே நான்தான். காலைல நீங்கதான சொன்னீங்க, 'கெர்னல் இல்லைன்னு சொல்லவே சொல்லாது, முடிஞ்சா சொல்ல வெச்சுக் காட்டு'ன்னு?"