சௌமியா குரலில் வந்த அபாய அறிவிப்பு

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை எழிலன் அவர்களுக்கு,

திருவொற்றியூரிலிருந்து உங்கள் மாமனார் தேசப்பன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை வரலட்சுமியும் சுகம். ஹைதராபாத்தில் நீங்களும் சௌமியாவும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் என் மகள் பக்கத்தில் நின்று கேட்டுவிடுவாள். அதனால்தான் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்குக் கடிதம்.

பொங்கலுக்கு வந்தபோது, நான் மேற்பார்வை பார்க்கும் காசிமேடு மீன் குளிர்கிடங்குக்கு நீங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொடுத்தீர்கள். உள்ளே சூடு ஏறினால் முதலில் எனக்கு எஸ்எம்எஸ், பார்க்காவிட்டால் வாட்ஸ்அப், அதற்கும் அசையாவிட்டால் போன் அழைப்பு, அழைப்பை எடுத்து ஒன்றாம் எண்ணை அழுத்தாவிட்டால் முதலாளி ஞானபாக்கியம் அம்மாவுக்கு அழைப்பு, கடைசியில் மொட்டைமாடியில் அபாயச் சங்கு. "மாமா, ஒரு வழி அடைச்சா இன்னொரு வழி. தகவல் வராம போகவே போகாது" என்றீர்கள். உண்மைதான், தகவல் வந்தது. அதில் குறையே இல்லை. மெஷின் குரல் எனக்குப் புரியாது என்று அழைப்பில் பேச சௌமியாவின் குரலைப் பதிவு செய்தீர்கள் பாருங்கள், வினை அங்கேதான்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் முதல் இறாலோடு கரைக்கு வந்த நாள் அது. கிடங்கு கூரைவரை நிறைந்திருந்தது. முதலாளியின் ஏற்றுமதிச் சரக்கு பாதி, மீன் விற்கும் பெண்களின் சரக்கு பாதி. தடைக்காலம் முழுக்கக் கருவாடு விற்றே நாளை ஓட்டிய அந்தப் பெண்களுக்கு அந்த இறால்தான் எல்லாம். மதியம் சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் நாற்காலியில் சாய்ந்தேன். ஜன்னலில் கடல்காற்று. எண்ணூர்ப் பக்கத்து வானத்தில் எது மேகம், எது புகை என்று தெரியவில்லை. கண் செருகியது. மெசேஜ் வரும் சத்தம் தண்ணீருக்கடியில் யாரோ மணி அடிப்பதுபோல் கேட்டது, ஓய்ந்தது. பிறகு போன் அடித்தது. எடுத்தேன்.

"அப்பா, கிடங்குல சூடு ஏறுது. சீக்கிரம் வாங்க."

மாப்பிள்ளை, அந்தக் குரலில் ஒரு சிரிப்பு ஒட்டியிருக்கிறது. பதிவு செய்யும்போது நீங்கள் ஏதோ சேட்டை செய்திருக்கிறீர்கள். "ஏறட்டும்மா. நீ சாப்ட்டியா?" என்றேன். "அப்பா, கிடங்குல சூடு ஏறுது" என்றாள். "இங்கியும் வெயிலுதாம்மா. அங்க மழையா?" என்றேன். ஒன்றை அழுத்தினால் குரல் நின்றுவிடும் என்பது தூக்கத்திலும் எனக்குத் தெரிந்திருக்கிறது. அழுத்தவில்லை. குரல் போனது, மறுபடி வந்தது. பள்ளிக்கூடச் சீருடையில், ரிப்பன் கட்டிய பின்னலோடு, இறால் குவியல்மேல் அவள் நடந்து வருகிறாள், பாதத்தில் ஈரமே இல்லை, சுற்றிலும் வெள்ளையாகப் பனி, வாயைத் திறந்தால் என் பேச்சும் பனியாக மிதந்து போகிறது. அப்படி ஒரு சுகத்தை நான் எந்தத் தூக்கத்திலும் கண்டதில்லை.

அதே நேரத்தில் ராயபுரத்தில் ஒரு சர்ச்சில் ஞானபாக்கியம் அம்மா கல்யாணத்தில் இருந்திருக்கிறார். அவருக்குக் காது மந்தம், போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான். "இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று போதகர் கேட்டு நிறுத்தியிருக்கிறார். அந்த அமைதியில் அம்மா எடுத்த போனிலிருந்து, சௌமியா குரலிலேயே இரண்டாம் கட்டச் செய்தி: "அப்பா, நெலமை கைமீறிப் போயிடுச்சு. சீக்கிரம் வாங்க!" மணப்பெண் மாப்பிள்ளையைப் பார்த்தாளாம். மாப்பிள்ளையின் அம்மா பெஞ்சிலேயே சரிந்துவிட்டாராம். அந்தப் பையன் பைபிள்மேல் கைவைத்து, அது யார் குரலென்றே தனக்குத் தெரியாது என்று சொல்லும்படி ஆகிவிட்டது.

பிறகு சங்கு ஊதியது. கிடங்கின் அமோனியா காஸ் கசிகிறது என்று நினைத்துத் தெருவில் பாதிப்பேர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட, மீன் விற்கும் பெண்கள் மட்டும் எதிர்த்திசையில் கிடங்கைப் பார்த்து ஓடிவந்தார்கள். முன்னால் வந்த பவுனம்மாள் என் நாற்காலியைப் பிடித்து உலுக்கினாள். "யோவ் தேசப்பா! உள்ள எறா வெந்துகினு கீது, நீ இன்னாயா போன்ல கொஞ்சிகினு கீற?"

எழுந்து ஓடினேன். குளிரூட்டும் மெஷின் நின்றுபோயிருந்தது. மோட்டார் பார்க்கும் துரை அதைக் கிளப்பப் போராட, பவுனம்மாளும் மற்றவர்களும் தங்கள் கூடைகளில் வைத்திருந்த ஐஸையெல்லாம் கொண்டுவந்து இறால்மேல் கொட்டினார்கள். தங்கள் சரக்கு, முதலாளி சரக்கு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. மெஷின் ஓடத் தொடங்கியது. மேலே இருந்த கொஞ்சம் இறால்தான் தளர்ந்து கெட்டது, மற்றதெல்லாம் பிழைத்தது.

பட்டுப்புடவையோடு வந்து இறங்கிய ஞானபாக்கியம் அம்மா, "யாருய்யா அந்தப் பொண்ணு?" என்றார். "எம் பொண்ணுதாம்மா" என்றேன். "கொரலு நல்லாத்தான் கீது. ஆனா என்னையே அப்பான்னு கூப்புடுது" என்று சொல்லிவிட்டு மறுபடி கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

ஆகவே மாப்பிள்ளை, தயவுசெய்து அந்தக் குரலை உடனே எடுத்துவிடுங்கள். தவணை கட்டச் சொல்லிக் கூப்பிடுகிறானே, அவனைப்போல் ஓர் ஆளை வைத்து அதட்டச் சொல்லுங்கள். கேட்டதும் எனக்குப் பதறவேண்டும். சௌமியாவுக்கு இது எதுவும் தெரியவேண்டாம்.

எங்கள் ஊர் வடிவுடையம்மன் உங்கள் இருவர் பக்கமும் நிற்கட்டும். என் ஆசீர்வாதங்கள்.

இப்படிக்கு,
தேசப்பன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை இதைப் படித்துவிட்டாள். "அவ கொரலு பொங்கல்லேர்ந்து உன் போன்ல கீதா? என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாய்யா?" என்று கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போனவள் நெடுநேரம் வெளியே வரவில்லை. ஆகவே மேலே எழுதியது எதையும் செய்யவேண்டாம். குரல் இருக்கட்டும். முதல் நம்பராக உங்கள் அத்தையின் நம்பரைப் போடுங்கள். இன்னொன்றும் உங்களிடம் கேட்கச் சொன்னாள்: "கெட்டுப்போனாதான் போன் வருமா? எல்லாம் நல்லா கீதுன்னு சொல்லவும் தெனம் ஒரு போன் வராதா?" யோசித்துப் பார்த்தால் தொழிலுக்கும் அது நல்லதுதான். வராத அன்றைக்கு உங்கள் ஏற்பாடே படுத்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அந்தச் செய்தி மட்டும் "அம்மா" என்று ஆரம்பிக்க வேண்டுமாம்.