மாடியில் பயில்வான், கீழே கண் பரிசோதனை

சட்டக் கேள்வி-பதில் பக்கத்தின் மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களின் மேலான பார்வைக்கு,

இங்கே நானும் என் மனைவியும் கடையும் சுகம். தாங்களும், தங்கள் அச்சகமும், சந்தாவை மறக்காமல் புதுப்பிக்கும் சகல வாசகர்களும் அதே போலச் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

தங்களுக்குக் கேள்வி கேட்டு எழுதுகிறவர்கள் ஏராளம். நான் கேட்க எழுதவில்லை, சொல்ல எழுதுகிறேன். வக்கீல் வீட்டு வாசலை மிதிக்காமல், தங்கள் பக்கத்தை வாராவாரம் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு, ஒரு தனி மனிதன் தன் வழக்கைத் தானே நடத்தி ஜெயிக்கலாம் என்பதற்கு நானே அத்தாட்சி. இந்தக் கடிதத்தை முழுப் பக்கத்தில் வெளியிட்டால் சிறு வியாபாரிகளுக்குப் பெரிய உபகாரமாக இருக்கும். புகைப்படம் வேண்டுமென்றால், பக்கவாட்டில் எடுத்தது ஒன்று நன்றாக வந்திருக்கிறது.

இருபத்திரண்டு வருஷமாக மூக்குக் கண்ணாடிக் கடை நடத்துகிறேன். முன்னால் பிரேம்கள், நடுவில் திரை, திரைக்குப் பின்னால் கண் பரிசோதனை. அதில் முதல் இருபத்தொன்றரை வருஷம் நான் கொடுத்த கண்ணாடி ஒன்றுகூடத் திரும்பி வந்தது கிடையாது. ஆறு மாதத்துக்கு முன் எங்கள் கடைக்கு நேர் மேலே ஓர் உடற்பயிற்சிக் கூடம் திறந்தார்கள். அதை நடத்துகிறவரைத் தெருவே பயில்வான் என்றுதான் கூப்பிடுகிறது. மனிதர் கதவுக்குள் பக்கவாட்டில்தான் நுழைவார். அவருடைய ஆட்கள் இரும்பைத் தூக்குவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. தூக்கியதைப் போடுகிறார்கள் பாருங்கள், அதில்தான். மேலே 'தொம்' என்று ஒன்று விழுந்தால் கீழே பிரேம்கள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டும், எழுத்து அட்டை ஆணியில் ஊசலாடும், பரிசோதனை நாற்காலியில் இருக்கிறவர் "சார், கடைசி வரி நகருது சார்" என்பார். அந்த மாதத்திலிருந்தே கண்ணாடிகள் திரும்பி வர ஆரம்பித்தன. ஒரு லாரி டிரைவர், விளம்பரப் பலகையில் வரைந்திருந்த போலீஸ்காரர் கை காட்டுகிறார் என்று பத்து நிமிஷம் வண்டியை நிறுத்திக் காத்திருந்தாராம். தையல்கார அம்மா ஒரு சட்டையைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார். கை இருக்க வேண்டிய இடத்தில் காலர். "இன்னொரு தடவை தப்பா குடுத்தீங்க, நேரா நுகர்வோர் மன்றத்துக்குத்தான் போவேன்" என்றார். அவர் போனதும், கல்லாவில் இருந்த என் மனைவி, "இப்படியே போனா பலகையைக் கழட்டி வெச்சுட்டு நாம வேற பொழப்புப் பாக்கணும்" என்றாள். அவள் சாதாரணமாகக் குரல் தாழ்த்திப் பேசுகிறவள் இல்லை, ஆசிரியர் அவர்களே. அன்றைக்குத் தாழ்த்திப் பேசினாள்.

'அண்டை வீட்டாரால் தொந்தரவா? முதலில் நேரில் பேசுங்கள்' என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள். பேசப் போனேன். மேலே பாட்டு அலறிக்கொண்டிருந்தது. நான் பயில்வானின் காதருகே போய்ச் "சத்தம்! சத்தம்!" என்றேன். அவருக்கு அது 'மொத்தம்' என்று விழுந்திருக்கிறது. "மொத்தமா ஒரு வருஷத்துக்கா? ரொம்ப நல்லதுண்ணே!" என்று முகம் மலர்ந்து ஒரு தாளை நீட்டினார். புகார்ப் பதிவேடு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். கீழே வந்து பார்த்தால் நான் ஓராண்டு உறுப்பினர். தொப்பைக்குத் தனிக் கவனம் என்கிற கட்டத்தில் அவரே டிக் அடித்திருந்தார்.

தளரவில்லை. 'தொந்தரவை நாள், நேரத்தோடு குறித்து வையுங்கள்' என்பது தங்கள் அடுத்த யோசனை. அந்தப் பொறுப்பை மனைவி ஏற்றுக்கொண்டாள். காலை 10.12, தொம். 10.14, தொம் தொம். 10.20, அமைதி, பயில்வான் முட்டை சாப்பிடுகிறார். 11.05, தொம், விசாரித்ததில் நம் கடை ஷட்டர். இப்படி நேர்மையாக நாற்பது பக்கம். அதை ஆதாரமாக வைத்து மூன்று பக்கத்துக்கு நோட்டீஸ் ஒன்றை நானே எழுதி, 'முதல் தளத்தில் இருப்பவருக்கு' என்று விலாசமிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். எங்கள் தபால்காரர் தளங்களைத் தரையிலிருந்து எண்ணுகிறவர் என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் வாடிக்கையாளர் நடுவில் ஒரு தபால் வந்தது, கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தேன். எவனோ சட்டத்தைக் கரைத்துக் குடித்தவன் எழுதியிருக்கிறான், நாம் தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டே மூன்றாம் பக்கம் போனால் கீழே என் கையெழுத்து! பயம் போய்ப் பெருமை வந்துவிட்டது. மனைவிதான், "பதினஞ்சு நாளைக்குள்ள பதில் போடணும்னு கெடு வெச்சிருக்கீங்களே, போடப் போறீங்களா?" என்று கேட்டாள். இரண்டாவது பிரதியை நானே மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதன் பிறகு சமரச மையம். வழக்கென்று போய் வருஷக்கணக்கில் அலைவதைவிட இது மேல் என்று தாங்கள் எழுதியது நூற்றுக்கு நூறு. சின்ன அறை, நீள மேஜை, தண்ணீர்க் கூஜா. பயில்வானுக்கு நாற்காலி பற்றவில்லை. சுவரில் சாய்ந்து நின்றார். நான் எழுந்து என் தரப்பை ஏற்ற இறக்கத்தோடு எடுத்து வைத்தேன். அவர் கேட்டுவிட்டு, "அண்ணே, கீழ இப்படி ஆடுதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

"சொல்லத்தானே வந்தேன்!"

"நீங்க சேர வந்தீங்கன்னுல்ல நெனச்சேன். ஒரு நாள்கூட வரலையேன்னு வருத்தமாகூட இருந்துச்சு."

சமரசம் பேச உட்கார்ந்திருந்த அம்மையார் என் மனைவியின் நோட்டை எடுத்தார். கிட்டே பிடித்தார், எட்டப் பிடித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார், மறுபடி எட்டப் பிடித்தார். பயில்வான் மரியாதையாக, "மேடம், கண்ணாடி எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார். அம்மையார் என்னைப் பார்த்தார். "இவர் கடையிலதான். போன மாசம்." வேறொருவனாக இருந்தால் அங்கேயே சுருண்டிருப்பான். நான், "அம்மா, தாங்களே என் முதல் சாட்சி!" என்றேன். அவர் அந்தக் கணமே நோட்டை மூடிவிட்டு, "அப்படின்னா இந்தப் பஞ்சாயத்துல நான் உக்காரக் கூடாது" என்று எழுந்து போய், வேறொருவரை அனுப்பி வைத்தார். நியாயமானவர்.

அரை மணியில் உடன்பாடு முடிந்தது. மேலே தரை முழுக்கக் கனத்த ரப்பர் பாய். காலை பத்து முதல் ஒன்று வரை எடை எதையும் கீழே போடக் கூடாது. என் உறுப்பினர் தாள் ரத்து. பயில்வான் மறுநாளே நாலு சுருள் பாயைத் தோளில் சுமந்து படியேறினார். பாவம், அந்த மூன்று மணி நேரமும் சொந்தக் கூடத்திலேயே நுனிக்காலில் நடக்கிறார் என்று கேள்வி. ஆக, வாசகர்களே, துணிந்து நில்லுங்கள்; சட்டம் நம் பக்கம்.

தங்கள் பேனா ஓயாமலும், தங்கள் பக்கம் விளம்பரத்தால் சுருங்காமலும் இருக்க மனமார வாழ்த்தும்,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன்

பின்குறிப்பு: மேற்படி கடிதத்தைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம். உறையை ஒட்டப் போகும் நேரத்தில் அந்த அம்மையார் மறுபரிசோதனைக்கு வந்தார். மணி பதினொன்று. மேலே பரிபூரண அமைதி, அட்டை அசையவில்லை. லென்ஸை மாட்டினேன், "இப்பத்தான் பளிச்சுன்னு இருக்கு" என்றார். லென்ஸைக் கழற்றி, அதன் விளிம்பில் எறும்புத் தலை அளவில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துச் சீட்டில் 1.25 என்று எழுதினேன். அருகில் நின்ற மனைவி லென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இதுல 1.75 போட்டிருக்கு" என்றாள். பிறகு இருவருமாக என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். கையில் கொடுத்த சிறு எழுத்தில் ஒரு வரிகூட எனக்குத் தேறவில்லை. நான் என் கண்ணைச் சோதித்துப் பதினோரு வருஷம் ஆகிறதாம். பார்வை மங்கியதும் பயில்வான் வந்ததும் ஒரே சமயத்தில் அமைந்தது என் போதாத காலம். பழைய கண்ணாடிகளை எல்லாம் வரவழைத்துப் புதிதாகச் செய்து கொடுப்பது என்று முடிவெடுத்துவிட்டேன். அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. மாடிக்குப் போவதில்தான் கொஞ்சம் இருக்கிறது. ஆகவே, கடிதத்துக்குப் பதிலாகக் கீழ்க்கண்ட கேள்வியை மட்டும் பெயரில்லாமல் வெளியிடவும்: 'என் நண்பர் ஒருவர் ஜெயிக்கக் கூடாத வழக்கில் ஜெயித்துவிட்டார். தோற்றவர் பெரிய உருவம், நல்ல மனிதர். உண்மையை நேரில் சொல்ல வேண்டுமா, தபாலில் சொன்னால் போதுமா?' பதிலைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்லுங்கள். என் கண்ணாடியை மனைவி பக்கத்துத் தெருக் கடையில் செய்யக் கொடுத்திருக்கிறாள். வர இன்னும் இரண்டு வாரம் ஆகுமாம்.