நெவிலின் கால் பங்கு

குளியலறைக் குவளையில் இரண்டாவதாக ஒரு பிரஷ் நின்றது. அதைப் பார்த்ததும் நெவில் கிரிம்ஷாவுக்கு நினைவுக்கு வந்தது பல் அல்ல, கவுன்சில்.

ஒரு வாரம் என்று சொல்லி ஹல் நகரத்திலிருந்து வந்த பெரியப்பா மகள் எனிட், பதினெட்டு நாளாக அவர் வீட்டு மாடியறையில் இருந்தார்.

விஷயம் இதுதான். அந்த நாட்டில் கவுன்சில், அதாவது நகராட்சி, வீட்டு வரி போடும்போது, வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர்தான் என்றால் கால் பங்கு தள்ளுபடி. மனைவி பிரிந்து போனதில் நெவிலுக்குக் கிடைத்த ஒரே லாபம் அந்தக் கால் பங்கு. அதை வைத்துத்தான் ஆண்டுதோறும் கால்பந்து மைதானத்தில், கோல் கம்பத்துக்குப் பின்னால், தனக்கென்று ஓர் இருக்கை வாங்குவார்.

"எப்ப கிளம்புறே?" என்று கேட்டிருந்தால் முடிந்துபோயிருக்கும். ஆனால் அந்தத் தெருவில் விருந்தாளியிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நெவில் கேட்டதெல்லாம், "இன்னும் கொஞ்சம் டீ?"

"ஊத்து" என்பார் எனிட். தினமும் சாயங்காலம் யாருக்கோ போன் போட்டு, "இன்னும் கிளம்பலையா?" என்று அதட்டுவார். தன்னைக் கூட்டிப்போக வேண்டிய கார்க்காரரை விரட்டுகிறார் என்று நெவில் நம்பிக்கையோடு இருந்தார்.

முதலில் பிரஷை அலமாரிக்குள் ஒளித்தார். ஆனால் துணிக்கொடியை மறந்துவிட்டார்.

"நெவில் கண்ணு," என்றார் பக்கத்து வீட்டு மிசஸ் ஆர்மராய்ட், வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து. "பூப்போட்ட நைட்டி தொங்குதே, உன்னோடதா?"

வரிப் படிவத்தின் பின்பக்கம் நெவிலுக்கு மனப்பாடம். வீட்டோடு தங்கி நோயாளியைக் கவனிப்பவரைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

"என்னைக் கவனிச்சுக்க ஆள் வந்திருக்காங்க."

"ஐயோ! உடம்புக்கு என்ன?"

"அது... வெளிய சொல்ற மாதிரி இல்லை."

சாயங்காலத்துக்குள் தெருவே வந்துவிட்டது. இரண்டு ஆப்பிள் கேக், ஒரு பானை சூப், பாதிரியாரின் பிரார்த்தனை. எனிட் பிரார்த்தனையைத் தவிர எல்லாவற்றையும் சாப்பிட்டார்.

"எவ்வளவு அன்பான ஜனங்க! இன்னும் ரெண்டு வாரம் இருக்கலாம் போல."

நெவில் யோசித்தார். வீட்டில் ஒருவர்தான் இருக்க வேண்டும். சரி, அந்த ஒருவர் நெவிலாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கே போட்டிருக்கிறது? தலையணையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் கொட்டகைக்குக் குடிபோனார்.

"அங்க காத்து நல்லா வருது," என்றார் எனிட்டிடம்.

மறுநாள் காலை, புல்வெட்டும் எந்திரத்தின் மேல் கண்ணாடியைச் சாய்த்துச் சவரம் செய்துகொண்டிருந்தபோது வேலிக்கு மேலே அதே தலை தெரிந்தது. இந்த முறை அது ஒன்றும் கேட்கவில்லை. நேரே போய் போனை எடுத்தது. நோயாளி கொட்டகையில், கவனிக்க வந்தவள் மாடியில் என்றால் யார் சும்மா இருப்பார்கள்?

மதியம் கவுன்சிலிலிருந்து மிஸ் பிக்கர்ஸ் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் குறிப்பேடு. நெவிலைத் தனியே அழைத்தார்.

"பயப்படாம சொல்லுங்க. இந்த அம்மா உங்களை அடிக்கிறாங்களா?"

நெவில் உடைந்துபோனார். பிரஷிலிருந்து தொடங்கிக் கொட்டகை வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அதற்குள் எனிட்டும் டீக் கோப்பையோடு வாசற்படிக்கு வந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மிஸ் பிக்கர்ஸ் பேனாவை மூடினார். "மிஸ்டர் கிரிம்ஷா, விருந்தாளி கணக்குலயே வர மாட்டாங்க. அவங்களோட நிரந்தர வீடு வேற ஊர்ல இருக்கில்ல? அப்ப இங்க வந்து தங்கிட்டுப் போனா உங்க தள்ளுபடிக்கு ஒண்ணும் ஆகாது. டீத்தூள்தான் செலவு."

நெவிலுக்குக் கோல் கம்பம் கண்முன்னே வந்து நின்றது. "எனிட்! உன் இஷ்டம்போல இருந்துட்டுப் போ!"

எனிட்டின் முகம்தான் வெளுத்துவிட்டது.

"அப்ப, மூணு வாரமா என் வீட்டுல வந்து உக்காந்திருக்கிற என் கொழுந்தன் பெர்சியும் கணக்குல வர மாட்டானா? என் கால் பங்கு போயிடுமேன்னுதானே நான் வீட்டை விட்டு இங்க ஓடி வந்தேன்!"