தகரநண்டு நேராக நடந்த வெள்ளிக்கிழமை

ஒரு காட்டில் ஓர் உடும்பு இருந்தது. சிங்கத்தை விட்டுவிட்டு உடும்பைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டானே என்று முகம் சுளிக்காதீர்கள். அந்தக் காட்டில் சிங்கமும் இருந்தது. ஆனால் விண்கலம், வேற்றுக்கோள் என்று ஆரம்பித்தாலே அது குறட்டை விட்டுவிடும். அதனால் இந்தக் கதையில் சிங்கத்துக்கு வேலை இல்லை.

உடும்பின் பெயர் ஆவுடையப்பன். தொழில், விமர்சனம். வேறு தொழில் தெரியாது என்பது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை வெயில் தாழ்ந்ததும், மேட்டு ஒளிபரப்பு நிலையத்தின் மந்திகள் பாறையில் திரை கட்டி 'சனிக்கு அப்பால்' என்ற தொடரைப் போடுவார்கள். இருபத்தாறு வருஷமாக ஓடுகிற தொடர். கமடன் என்கிற ஆமைதான் கேப்டன். ஒரு விண்கலத்தை எடுத்துக்கொண்டு, குடியிருக்க லாயக்கான கோளைத் தேடிப் போய்க்கொண்டே இருக்கிறார். கூடவே தகரநண்டு என்று ஓர் இயந்திர நண்டு. அதற்குப் பக்கவாட்டில்தான் நடக்க வரும். இயந்திர அறையின் கதவோ ஒடுக்கமானது. பக்கவாட்டில் நடக்கிறவர்கள் அதற்குள் நுழைய முடியாது. இருபத்தாறு வருஷமாக அந்த நண்டு அந்தக் கதவில் முட்டி முட்டித் திரும்பியது, காடே சிரித்தது.

சனிக்கிழமை காலையில் ஆவுடையப்பன் கரிக்கட்டியும் கையுமாக வந்து, வெள்ளைப் பாறையில் விமர்சனம் எழுதும். எப்படி ஆரம்பித்தாலும் கடைசி வரி ஒன்றுதான்: 'பழைய மாதிரி இல்லை.' இரண்டாவது வாரமே அப்படித்தான் எழுதியது. முதல் வாரம் என்ன எழுதியது என்கிறீர்களா? 'இது தேறாது.'

சும்மா சொல்லக் கூடாது, காட்டில் அதற்கு அப்படி ஒரு மரியாதை. யாரும் தொடரைப் பார்த்தவுடனே நன்றாக இருந்தது, இல்லை என்று வாயைத் திறக்க மாட்டார்கள். "அண்ணாச்சி எழுதட்டும், பாப்போம்" என்பார்கள். நிலையத்தில் வாராவாரம் ஓர் அபிப்ராயப் படிவம் கொடுப்பார்கள். முதலில் அதில் இரண்டே கட்டம்தான்: 'பிடித்தது', 'பிடிக்கவில்லை'. ஆனால் சனங்கள் வரிசையில் நின்றுகொண்டு, "உடும்பு அண்ணாச்சி என்ன எழுதியிருக்காரு?" என்று பாறைக்கும் கவுண்டருக்குமாக ஓடி ஓடி நேரத்தைக் கடத்தினார்கள். கவுண்டரில் உட்காரும் மந்தி குத்தாலிங்கம் சலித்துப்போய் மூன்றாவது கட்டம் ஒன்று போட்டுவிட்டார்: 'உடும்பார் சொன்னதே என் கருத்தும்.' அன்றையிலிருந்து வரிசை விறுவிறுவென்று நகர்ந்தது.

காடு முழுக்க மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்தது. ஆவுடையப்பனும் மூன்றாவது கட்டத்தில்தான் டிக் அடித்தது. தன் கருத்தோடு தனக்கு அவ்வளவு உடன்பாடு.

ஒரே ஒரு ஆள் மட்டும் மாறாமல் முதல் கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டிருந்தது. எறும்புத்தின்னி செண்பகவடிவு. எறும்புத்தின்னிகள் பகலெல்லாம் தூங்கி, நன்றாக இருட்டிய பிறகுதான் எழும். செண்பகம் வெள்ளிக்கிழமை மட்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளிச்சத்திலேயே எழுந்து வரும். உடும்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும். இருபத்தாறு வருஷமாக அதுதான் அதன் இடம்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் நிலையத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். 'சனிக்கு அப்பால் தொடரை ஒருவரும் விரும்புவதாகத் தெரியவில்லை. வரும் வெள்ளிக்கிழமைப் பகுதிக்குக் குறைந்தது இரண்டு "பிடித்தது" வந்தால் தொடர் நீடிக்கும். இல்லையேல் அத்தோடு நிறுத்தப்படும். மூன்றாவது கட்டம், உடும்பார் எழுதியதைப் பொறுத்துக் கணக்கிடப்படும்.'

"அது என்ன வே ரெண்டு?" என்று கேட்டது கீரி சுடலைமுத்து. அது ஆவுடையப்பனுக்கு இடதும் வலதுமாகத் திரிகிற ஆள்.

குத்தாலிங்கம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஒருத்தருக்குப் பிடிச்சா அது கதை எழுதுனவனுக்குச் சொந்தக்காரனா இருக்கும். ரெண்டு பேருக்குப் பிடிச்சாத்தான்யா ரசிகன்."

செண்பகம் ஓடி வந்தது. "அண்ணாச்சி, ரெண்டே ரெண்டு போதுமாம். ஒண்ணு நான் இருக்கேன். இன்னொண்ணுதான் வேணும்."

"நல்லா எடுத்தா தானா வருது" என்றது உடும்பு. பெரிய நியாயஸ்தன் மாதிரி.

வெள்ளிக்கிழமை வந்தது. வெயில் தாழ்ந்தது, திரை விரிந்தது. கேப்டன் கமடன் இயந்திர அறைக்குள் மாட்டிக்கொண்டார். உள்ளே காற்றுக் குறைகிறது. கதவு திறந்துதான் இருக்கிறது, அதே ஒடுக்கமான கதவு. வெளியே தகரநண்டு. அது பக்கவாட்டில் வந்து முட்டியது. மறுபடியும் முட்டியது. காடு வழக்கம்போலச் சிரித்தது. உள்ளேயிருந்து கேப்டன், "விடுடா, நீ போ. நீயாவது ஊர் போய்ச் சேரு" என்றார்.

நண்டு நின்றது. ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தது. முட்டி கிரீச்சென்று கத்தியது. அடுத்த காலையும் முன்னால் வைத்தது. நேராக. தகரம் வளைந்து, திருகாணி ஒவ்வொன்றாகத் தெறித்து விழ, பதினோரு அடி நேராக நடந்து அந்தக் கதவுக்குள் போயிற்று. பாட்டு இல்லை, வசனம் இல்லை. திருகாணி விழுகிற சத்தம் மட்டும்தான்.

உடும்பு அழுதது.

சரி, நான் அழுதேன். ஆவுடையப்பன் நான்தான். இவ்வளவு நேரம் 'அது', 'இது' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அழுததையும் அது தலையில் கட்ட மனசு வரவில்லை. கொஞ்சநஞ்ச அழுகை இல்லை, மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். இருபத்தாறு வருஷம் அந்த நண்டைத் திட்டியிருக்கிறேன். அது எனக்கு இவ்வளவு வேண்டியது என்று எனக்கே தெரியாது.

பக்கத்தில் செண்பகம் என்னைப் பார்த்தது.

"அண்ணாச்சி, அழுதியளா?"

"கண்ல தூசி."

"ரெண்டு கண்லயுமா?"

முன்னங்காலால் இரண்டு கண்ணையும் துடைத்துக்கொண்டேன். திரையை மந்திகள் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து போனார்கள்.

"நல்லா இருந்துச்சு செண்பகம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நெஞ்சு அப்படி லேசாக இருந்தது. "இருபத்தாறு வருஷத்துல இப்படி ஒண்ணு பாத்ததில்ல. நாளைக்கு அப்படியே எழுதப் போறேன். காடு முழுக்கத்தான் நான் சொன்னதுக்கு டிக் அடிக்குதே, ரெண்டு என்ன, முந்நூறு 'பிடித்தது' விழும்."

"சத்தியமா?"

"உன் மேல சத்தியம்."

செண்பகம் சிரித்தது. அது சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. வெளிச்சத்தில் பாதிக் கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கும்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கவுண்டர் திறந்தது. செண்பகம் தூங்கப் போவதற்கு முன்னால் முதல் ஆளாகப் படிவத்தைப் போட்டுவிட்டு வளைக்குள் போய்விட்டது. அது எந்தக் கட்டத்தில் டிக் அடித்தது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. எப்போதும் முதல் கட்டம்தானே.

நான் கரிக்கட்டியை எடுத்துக்கொண்டு வெள்ளைப் பாறைக்குப் போனேன். அங்கே ஒரே கூட்டம். முள்ளம்பன்றிகள், மிளா மான்கள், முயல் குடும்பம் மூன்று தலைமுறை. சுடலைமுத்து முன்னால் நின்று வழிவிடச் சொல்லிக்கொண்டிருந்தது.

"விலகுங்க, விலகுங்க! அண்ணாச்சி மூஞ்சியப் பாருங்க, கண்ணெல்லாம் செவந்திருக்கு. ராத்திரியெல்லாம் உக்காந்து யோசிச்சிருக்காரு. இன்னைக்குக் கிழிகிழின்னு கிழிக்கப் போறாரு!"

கூட்டம் ஆவலோடு என்னைப் பார்த்தது. நான் கரிக்கட்டியைப் பாறையில் வைத்தேன். 'எனக்கு' என்று எழுதினேன். 'எனக்குப் பிடித்திருந்தது' என்றுதான் எழுத வந்தேன், என் தாய் தகப்பன் சத்தியமாக.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றது சுடலைமுத்து. "எனக்கு வயித்த எரியுதுன்னு எழுதப் போறாரு."

கை நின்றுபோனது. நேற்று வரை கிழித்தவன் இன்றைக்கு நண்டுக்காக அழுதேன் என்று எழுதினால் இவர்கள் என்ன நினைப்பார்கள்? உடும்புக்கு வயசாகிவிட்டது என்பார்கள். மூளை இளகிவிட்டது என்பார்கள். அடுத்த வாரம் இந்தப் பாறையில் யார் நிற்பார்கள்? இந்தக் கூட்டம் இல்லாவிட்டால் நான் யார், வெறும் பல்லிக்குப் பெரியப்பா.

அப்புறம் கை தன்பாட்டுக்கு எழுதியது. 'எனக்குச் சில கேள்விகள். மூன்றாம் வருஷம் நாற்பத்திரண்டாம் பகுதியில், தகரநண்டின் முட்டி ஒரு பக்கம்தான் மடங்கும் என்று கேப்டனே சொல்கிறார். இப்போது நேராக நடக்கிறதே, முட்டியை எந்தக் கோளில் மாற்றினார்கள்? கதையில் ஓட்டை. அழ வைப்பதற்கு என்றே பதினோரு அடி. ஆறே அடியில் முடித்திருக்கலாம். பழைய மாதிரி இல்லை.'

கூட்டம் கைதட்டியது. "நாப்பத்திரெண்டாம் பகுதியாம்ல! என்ன ஞாபகம் வே இவருக்கு!"

 நான் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். கவுண்டருக்குப் போய்ப் படிவம் வாங்கினேன். யாரும் பார்க்காமல் வாலால் மறைத்துக்கொண்டு, இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, முதல் கட்டத்தில் டிக் அடித்தேன். 'பிடித்தது.' செண்பகம் ஒன்று, நான் ஒன்று. ஆக இரண்டு. தொடரும் பிழைத்தது, பேரும் பிழைத்தது. எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள் எனக்கு.

சாயங்காலம் குத்தாலிங்கம் முடிவை வாசித்தார். மொத்தப் படிவம் முந்நூற்றுப் பதினான்கு. உடும்பார் சொன்னதே, முந்நூற்றுப் பதின்மூன்று. பிடித்தது, ஒன்று.

"ஒண்ணா?" என்றேன். "சரியா எண்ணிப் பாரும் வே. ரெண்டு இருக்கணும்."

"மூணு தடவை எண்ணியாச்சு அண்ணாச்சி. எனக்கும் ஆசைதான்." குத்தாலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். "நேத்து திரையச் சுருட்டும்போது எனக்கே அழுகை வந்துட்டு. காலையில உங்க விமர்சனத்தப் படிச்ச பொறவுதான், ஓட்டைன்னு தெரிஞ்சுது."

"நானும் அழுதேன்" என்றது சுடலைமுத்து. "அழக் கூடாத எடம்னு நமக்கு எங்க தெரியுது? அண்ணாச்சி மாதிரி படிச்சவங்க சொன்னாத்தான் உண்டு. அது சரி, எவன் அந்த ஒத்தப் பய, பிடிச்சதுன்னு போட்டவன்? ரசனை கெட்டவன்."

"ஆமா" என்றேன் நான்.

திரும்பிப் பார்த்தால் பின்னால் செண்பகம். தூக்கத்திலிருந்து எழுந்து முடிவு கேட்க வந்திருக்கிறது.

"அண்ணாச்சி" என்றது. "நீங்க நல்லா எழுதுவேன்னு சொன்னிய. ஒரு தடவையாவது உங்க பேருக்கு நேரா டிக் அடிக்கலாம்னு ஆசப்பட்டு மூணாவதுல போட்டுட்டேன். சந்தோஷத்துல போட்டேன்."

"நான் பிடித்ததுல போட்டேன் செண்பகம். அந்த ஒண்ணு நான்தான். சத்தியமா."

"பாறையில?"

நான் கையில் ஒட்டியிருந்த கரியைத் தரையில் தேய்த்தேன். 

"தனியா போட்டிய" என்றது செண்பகம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அப்படியே தலையை வயிற்றுக்குள் இழுத்து, வாலைச் சுற்றி, உருண்டையாகச் சுருண்டுகொண்டது. எறும்புத்தின்னி சுருண்டுவிட்டால் புலி வந்தாலும் பிரிக்க முடியாது. நான் எவ்வளவோ சொன்னேன். கூட்டத்தைக் குறை சொன்னேன், குத்தாலிங்கத்தைக் குறை சொன்னேன், மூன்றாவது கட்டத்தைக் குறை சொன்னேன். செதிலுக்குக் காது கிடையாது.

அடுத்த வாரம், நின்றுபோன தொடருக்காகக் காட்டில் அனுதாபக் கூட்டம் போட்டார்கள். தலைமை யார் என்கிறீர்கள்? நானேதான். மாலை போட்டார்கள். 'இப்படி ஒரு தொடர் இனி வருமா? அந்த நண்டு நடந்த பதினோரு அடிக்கு ஈடு உண்டா? ரசிக்கத் தெரியாத காடு அய்யா இது!' என்று முழங்கினேன். எல்லோரும் தேம்பித் தேம்பி அழுதார்கள். நானும் அழுதேன், இந்தத் தடவை தைரியமாக, மேடையில் நின்றுகொண்டு. முடிந்ததும் சுடலைமுத்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "மனசுல உள்ளதச் சொல்ல உங்களுக்கு நிகர் யாரு அண்ணாச்சி" என்றது.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை மந்திகள் புதுத் தொடர் ஒன்று போட்டார்கள். நாரையும் கொக்கும் செவ்வாய்க்கோளில் மீன் பண்ணை வைக்கிற கதை. என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அதில் யாரோ ஒரு முயல் வந்து உட்கார்ந்து, "அண்ணாச்சி, நல்லாருக்கா?" என்று கேட்டது.

"சனிக்கு அப்பால் மாதிரி இல்லை" என்றேன்.

முயல் படிவத்தை எடுத்து மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்தது.

நீதி: கண்ணீர் வரும் போலிருந்தால் தனியாக உட்கார்ந்து பாருங்கள். பக்கத்தில் ஒருத்தர் இருந்தால், அவர் உங்களை நல்லவர் என்று நம்பிவிடும் ஆபத்து இருக்கிறது.