கோபாலம்மாவும் உட்காராத கோபால்ட்டும்

யாரோ ஒருவர் உட்காருவதற்காக வருடக்கணக்கில் கீரனூர்–திருச்சி பஸ்ஸில் நின்றுகொண்டே போன மனுஷி இந்த உலகத்திலேயே கோபாலம்மா ஒருத்திதான். மிகை என்று நினைப்பவர்கள் காலை நேரத்தில் அந்த பஸ்ஸில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். உங்களுக்கும் உட்கார இடம் கிடைக்காது.

அவளுக்கு அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. அதைக் கெடுத்தது செல்போன். திருச்சியில் ஒரு கல்லூரியில் அவள் ஆராய்ச்சி மாணவி. நான் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்குப் பிரிவு. இருவரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு போவோம். பஸ் கிளம்பியதும் லேப் தோழிக்கு போன் போடுவாள்.

"கோபால்ட் நேத்தும் ஒக்காரலடி. உள்ள வருது, பிடிச்சு வைக்க முடியல, வெளிய ஓடிருது. நானும் எவ்வளவுதான் எறங்கிப் போறது?"

கடைசி 'ட்'டை பஸ் ஹார்ன் விழுங்கிவிடும். மிச்சமிருந்த கோபாலை மொத்த பஸ்ஸும் கேட்டது. ஒருநாள் முன் சீட்டிலிருந்த கணக்கு டீச்சரக்கா தாங்கமாட்டாமல் திரும்பினார்.

"ஏத்தா, தப்பா நெனைக்காத. ஒரு எடத்துல ஒக்காராத ஆம்பளைய நம்பி நீ ஏன் ஒடம்பக் கெடுத்துக்கிற? அந்தக் கோபால விட்டுத் தொலை."

"ஐயோ, கோபால் இல்லக்கா, கோபால்ட்! அது ஒரு உலோகம்."

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் வருத்தமாகச் சொன்னார்: "பேரு எதுவா இருந்தா என்னங்க, ஆளு சரியில்ல."

மறுநாள் முதல் அவள் ஏறியவுடன், "கோபாலம்மா வந்தாச்சு, ரைட்!" என்று விசில் அடித்தார். பெயர் நிலைத்துவிட்டது.

மாத்தூர் பக்கம் சாலை வேலைக்காக பஸ் நின்ற ஒரு காலையில், அவள் எங்கள் அறியாமையை ஒழிக்கத் தீர்மானித்தாள். ஒருவர் பையிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்றை வாங்கினாள். பழத்துக்காரர், கண்டக்டர், டீச்சரக்கா, நான் என்று நாலு பேரை வட்டமாக நிறுத்தி, ஆளுக்கு ஒரு கையால் அதைப் பிடிக்கச் சொன்னாள்.

"நம்ம ரத்தத்துல இரும்பு இருக்குல்ல, அது சும்மா மெதக்கல. ஒரு புரோட்டீன் அதைப் பிடிச்சு வச்சிருக்கு. அந்த மாதிரி துத்தநாகத்தைப் பிடிக்கிற புரோட்டீனு, செம்பைப் பிடிக்கிற புரோட்டீனுன்னு ஒடம்பு பூரா இருக்கு. நண்டுக்கு ரத்தம் நீலமா இருக்கே, அது செம்பு. எல்லாம் இயற்கை செஞ்சது. நான் இயற்கை செய்யாத ஒண்ணக் கம்ப்யூட்டர்ல வரைஞ்சு செய்யிறேன். நீங்க நாலு பேருந்தான் அந்தப் புரோட்டீன். பழம்தான் துத்தநாகம்."

"அப்ப கோபாலு?" என்றார் கண்டக்டர் விடாமல்.

"துத்தநாகத்துக்கு நிறமில்லண்ணே. ஒக்காந்துச்சான்னு கண்ணுக்குத் தெரியாது. அதனால அதே எடத்துல கோபால்ட்டை வச்சுப் பாப்போம். தண்ணியில அது ரோஸ் கலர். நாலு கையும் இறுக்கிப் பிடிச்சா நீலமாயிரும்."

அந்த நேரம் பார்த்து வண்டி நகர்ந்தது. கண்டக்டர் விசிலுக்காகக் கையை எடுத்தார். பழம் சீட்டுக்கடியில் உருண்டு ஓடியது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா! இதேதான் எங்க லேப்லயும் நடக்குது!" என்று அவள் பரவசப்பட்டாள். தன் தோல்வியை இவ்வளவு சந்தோஷமாக விளக்கிய ஆளை நான் பார்த்ததில்லை. பாவம் கண்டக்டர். அன்று முதல் எல்லாமே தன்னால்தான் என்பதுபோல் தினமும் விசாரிப்பார்: "இன்னைக்காவது நீலமாச்சாம்மா?"

விவகாரம் பஸ்ஸோடு நின்றிருக்கலாம். ஆவுடையார்கோவில் பக்கமிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று என்னையும் துணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கேசரி சாப்பிட்டு முடித்த மாப்பிள்ளையின் அம்மா, தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணுக்குக் கோபால்னு யாரோ பழக்கம்னு பஸ்ஸுல பேசிக்கிறாங்களாமே?"

அவள் அப்பாவின் முகம் வெளுத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கோபாலம்மா போனை எடுத்து ரோஸ் நிறத் தண்ணீர் நிரம்பிய ஒரு சின்னக் குழாயின் படத்தைக் காட்டினாள்.

"இதாங்க."

அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இதுல ஆளு எங்கம்மா?"

"ஒக்காரலைங்க. அவன ஒக்கார வைக்கத்தான் இத்தன வருஷமாப் போராடுறேன்."

மாப்பிள்ளை வீட்டார் வந்த வேன் கிளம்பிப் போனது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இந்த வருஷத்தோட முடி. இல்லாட்டி விட்ரு" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு மகளோடு பேசவில்லை. லேப்பில் பேராசிரியரும் வேறு தலைப்பு பார்க்கச் சொன்னாராம். உதவித்தொகையும் நின்றது. சாயங்காலம் டியூஷன் எடுத்துக்கொண்டு காலையில் பஸ் ஏறினாள். போன் பேச்சு நின்றுபோனது. கண்டக்டர்கூட விசாரிப்பதை விட்டுவிட்டார். அந்த மாதங்களில் எங்கள் பஸ் ரொம்ப அமைதியாக ஓடியது. யாருக்கும் அது பிடிக்கவில்லை.

ஒருநாள் மட்டும், "நாலாவது கை ஆடுது" என்று தனக்குள் முனகினாள். "என்னது?" என்றேன். "புரோட்டீன்ல நாலாவது கை. அது மொளைக்கிற எடத்தையே தப்பா வரைஞ்சிருக்கேன்" என்று ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

பிறகு ஒரு சாயங்காலம், திருச்சி பஸ் ஸ்டாண்டில் ஏறியவள் என் கையில் போனைத் திணித்தாள். அதே குழாய். உள்ளே நீலம். மயில் கழுத்தில் இருக்குமே, அந்த நீலம்.

நான் டீச்சரக்காவிடம் நீட்டினேன். டீச்சரக்கா பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "ஒக்காந்துட்டான்டி!"

போன் பஸ்ஸை ஒரு சுற்று சுற்றிவந்தது. கண்டக்டர் அதை வாங்கி டிரைவருக்கும் காட்டினார். வண்டி இன்னும் கிளம்பியிருக்கவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். "இன்னும் ரெண்டு மூணு தரம் செஞ்சு பாக்கணும், அவசரப்படாதீங்க" என்று அவள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. சொல்லும்போதே அழுதுகொண்டிருந்தாள்.

திரும்பத் திரும்பச் செய்தும் நீலமேதான் வந்தது. துத்தநாகமும் அதே இடத்தில் உட்கார்ந்ததென்று வேறு சோதனையில் உறுதியானது. அதன் பிறகுதான் அப்பாவிடம் படத்தைக் காட்டினாள். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, மாதக்கணக்கில் பேசாத வாயைத் திறந்தார்.

"இனிமே என்ன?"

"இனிமே அது வேலை செய்யிதான்னு பாக்கணும்ப்பா."

"ஒக்காந்திருச்சுன்னியே?"

"ஒக்காந்துச்சு. ஆனா வேலை செய்யணும்ல."

அப்பா பெருமூச்சு விட்டார். "ஒங்க அக்காமாரு புருசனுக ரெண்டு பேரும் அப்படித்தான்." சொல்லிவிட்டு, மகளுக்கு முன்னால் அவரே முதலில் சிரித்தார்.

பட்டம் வாங்கி, இப்போது ஜெர்மனியில் ஒரு லேப்பில் இருக்கிறாள். கல்யாணம் பற்றி அப்பா கேட்பதில்லை. போன வருடம் எனக்கு ரத்தசோகை என்று டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து தினமும் அங்கிருந்து போன். "மாத்திரை போட்டியா? டீ குடிச்சுட்டுப் போட்டா இரும்பு ஒட்டாதுடி, வீணாப் போயிரும். சொன்னாக் கேளு" என்று ஆரம்பித்தால், ஊர்க்கதை எல்லாம் பேசி முடிக்க என் காபி ஆறிவிடும்.

மாத்திரை போதும் என்று டாக்டர் நிறுத்தி ரொம்ப நாளாகிறது. அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.