வாஷ்பேசினில் மாட்டிய கேஜ்

கேஜ் வெளியே வர மறுத்தது.

மைக்ரான் வாஷ்பேசினுக்கு முன்னால் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை இழுத்தார். வாஷ்பேசின் சுவரோடு சேர்ந்து ஒரு முனகல் முனகியது. கேஜ் அசையவில்லை.

"என்னங்க, உள்ள என்ன சத்தம்?" கதவுக்கு வெளியே மனைவியின் குரல்.

"பல்லு தேய்க்கிறேன்."

"பல்லு தேய்க்கவா இவ்வளவு முக்கல்?"

அவர் குழாயை வேகமாகத் திறந்துவிட்டார். சத்தத்தை மறைக்கத்தான். தண்ணீர் கேஜின் மேல் விழுந்து அவர் சட்டை முழுவதும் தெறித்தது.

மைக்ரான் என்பது அவர் பெயரல்ல. பம்பு செய்யும் தொழிற்சாலையில் அவர் தரப் பரிசோதனைப் பிரிவின் பொறுப்பாளர். தலைமுடியை விட மெல்லிய, சில மைக்ரான் பிழைக்காகக்கூட ஒரு வண்டி நிறையப் பாகங்களைத் திருப்பி அனுப்புவார். அதனால் முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் மைக்ரான். அளவுக் கருவிகள் இருக்கும் அறையின் சாவியும் அவரிடம்தான். "கருவிகள் கேட்டைத் தாண்டக் கூடாது" என்ற பலகையைச் சொந்தக் கையால் எழுதி மாட்டியவரும் அவர்தான். மறதியாகச் சட்டைப் பையில் ஸ்டீல் ஸ்கேலோடு வீட்டுக்குக் கிளம்பிய, லேத் ஓட்டும் ஒரு டர்னருக்கு மெமோ வாங்கிக் கொடுத்தவரும் அவரே.

அப்படிப்பட்டவர் நேற்று மாலை, துளையின் விட்டத்தை அளக்கும் டெலஸ்கோப் கேஜைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

காரணம் ஒரு ரப்பர் மூடி. வாஷ்பேசின் மூடி கிழிந்துபோனது. அவர் வாங்கி வந்த முதல் மூடி உள்ளே விழுந்துவிட்டது. அடுத்தது உள்ளேயே போகவில்லை. மனைவி சிரித்தாள். சிரித்ததோடு விட்டிருக்கலாம்.

"ஊர்ல இருக்கிற ஓட்டையெல்லாம் அளந்து நல்லது கெட்டது சொல்றீங்க. நம்ம வீட்டு ஓட்டை மட்டும் பிடிபடலையா?"

இந்தப் பேச்சுதான் அவரைக் குத்திவிட்டது.

கேஜ் பார்க்க எளிமையானது. நீளமான பிடி, அதன் தலையில் குறுக்காக இரண்டு குட்டிக் கைகள். கைகளுக்குள் ஸ்பிரிங். கைகளை அமுக்கித் துளைக்குள் விட்டு, பிடியின் நுனியில் இருக்கும் திருகைத் தளர்த்தினால், அவை இரண்டு பக்கமும் விரிந்து சுவரைத் தொடும். திருகை இறுக்கி, வெளியே எடுத்து, அந்த அகலத்தை மைக்ரோமீட்டரில் பார்த்தால் துளையின் விட்டம் தெரிந்துவிடும்.

வெளியே எடுக்கும் இடத்தில்தான் மைக்ரான் நின்றுகொண்டிருந்தார். வாஷ்பேசின் துளைக்குள் கொஞ்சம் கீழே, வழியும் தண்ணீர் இறங்குவதற்காக இரண்டு பக்கமும் வெட்டு இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. கேஜின் கைகளுக்குத் தெரிந்திருந்தது. ஸ்பிரிங்கை விட்டதும் ஆளுக்கொரு வெட்டில் புகுந்து வசதியாக உட்கார்ந்துகொண்டன. திருகைத் தளர்த்தினாலும் ஸ்பிரிங் வெளியேதான் தள்ளும், உள்ளே இழுக்காது. கைகளை அமுக்க வேண்டுமென்றால் விரல் போக வேண்டும். விரல் போகவில்லை.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மேனேஜர்.

"சார், வணக்கம்."

"எங்க இருக்கீங்க?"

"வீட்லதான் சார். இன்னிக்கு எனக்கு ரெண்டாவது ஷிப்ட்."

"ஒண்ணு சொல்றேன், உங்களோட இருக்கட்டும். மத்தியானம் ஆடிட்."

"ஆடிட்டா? இப்பத்தானே சார் முடிஞ்சுது?"

"இது திடீர் ஆடிட்." மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "அந்த டெலஸ்கோப் கேஜ் இருக்கில்ல, அது என் மேசைக்கு வந்தாகணும்."

"மத்த கேஜ் எல்லாம் சார்?"

"மத்தது எதுவும் வேண்டாம். அது மட்டும். நானே மாத்துச் சாவி போட்டுத் திறந்து பார்த்தேன், பெட்டி காலியா கிடக்குது. எங்க அது?"

"சுத்தம் பண்ண எடுத்து வச்சிருக்கேன் சார்."

"எங்க?"

"பாதுகாப்பா இருக்கு சார். யாராலயும் எடுக்க முடியாத இடத்துல."

அதுவரை சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

போனை வைத்ததும் அவருக்குச் சந்தேகம் வந்தது. இத்தனை கருவிகள் இருக்கும்போது அது மட்டும் ஏன்? யாரோ பார்த்திருக்கிறார்கள். போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த டர்னரேதான்! ஆடிட்டும் இல்லை, ஒன்றும் இல்லை, ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க வலை விரிக்கிறார்கள். இத்தனை வருஷ உத்தியோகம், பதவி, அந்தப் பலகை, எல்லாம் கண் முன்னால் ஒரு துளை வழியாக இறங்கிப் போவது போல இருந்தது.

துணி துவைக்கும் திரவத்தை எடுத்துத் துளைக்குள் ஊற்றினார். வழுக்கிக்கொண்டு வரும் என்ற நம்பிக்கை. கேஜ் வழுக்கவில்லை, அவர் கைதான் வழுக்கியது. முழங்கை போய்க் கண்ணாடி அலமாரியில் இடிக்க, அதிலிருந்த சீப்பு, பவுடர், சோப்பு எல்லாம் சரிந்து விழுந்தன. கையில் சோப்பு நுரையோடு கண்ணைத் துடைத்தது அடுத்த தவறு.

"ஐயோ!" என்றார்.

வெளியே மனைவிக்கு அது போதுமானதாக இருந்தது. பல்லு தேய்க்கப் போன மனுஷன், முக்கல், முனகல், சாமான் உருளும் சத்தம், பிறகு ஐயோ. அவள் பக்கத்துத் தெருவில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டாள்.

"உங்க மாமா உள்ள விழுந்துட்டார்டா! சீக்கிரம் வா!"

மச்சான் நல்லவன். எதையும் பழுது பார்க்கத் தெரியும் என்று நம்புகிறவன். அவன் பழுது பார்த்த சைக்கிள் பின்பக்கமாக மட்டும் ஓடியது என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. வந்தவன் கதவைத் தட்டவில்லை. தோளால் மோதினான். தாழ்ப்பாள் தனியே, கதவு தனியே, மச்சான் தனியே மூன்றும் உள்ளே வந்தன.

"மாமா, உயிரோடதான் இருக்கீங்களா?"

"இருக்கேன். கதவைச் சாத்து."

"இனிமே சாத்த முடியாது மாமா."

மனைவி எட்டிப் பார்த்தாள். கணவனின் சிவந்த கண், நுரை, தரையெல்லாம் பவுடர், வாஷ்பேசினிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பளபளப்பான கம்பி.

"அது என்னது?"

இனி மறைத்துப் பயனில்லை. மைக்ரான் சுருக்கமாகச் சொன்னார். "மத்தியானத்துக்குள்ள இது போகலைன்னா என் வேலை போயிடும்."

மனைவி இந்த முறை சிரிக்கவில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. "ஒரு மூடிக்காகவா?" என்றாள் மெல்ல. "துணியைச் சுருட்டி அடைச்சிருப்பேனே."

"கவலைப்படாதக்கா," என்று மச்சான் சட்டைக் கையை மடித்தான். "மேல வரலைன்னா கீழ வரும். கீழ பைப்பைக் கழட்டினா போதும்."

பைப்பைக் கழற்றினான். தேங்கியிருந்த அழுக்குத் தண்ணீர் மைக்ரானின் காலில் கொட்டியது. கேஜ் கீழேயும் வரவில்லை. துளையோடு இருக்கும், கேஜ் மாட்டியிருந்த பித்தளைக் குழாயைக் கழற்றப் பார்த்தான். அதன் மரை துருவோடு இறுகிப் போயிருந்தது. ஸ்பேனரைப் போட்டு ஒரு தம் பிடித்தான். மரை திரும்பவில்லை; வாஷ்பேசின் திரும்பியது. பக்கத்திலிருந்த தண்ணீர்க் குழாய் படக்கென்று முறிந்து உத்திரம் வரை பீய்ச்சியது.

"வால்வை மூடு! வால்வை மூடு!"

"எது மாமா வால்வு?"

"பெரிய மெக்கானிக்கு! இது கூடத் தெரியலையா?"

மனைவிதான் ஓடிப் போய் மாடித் தொட்டியின் வால்வை மூடினாள். அவள் திரும்பி வந்தபோது கூடத்து விரிப்பு மிதந்துகொண்டிருந்தது. கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்து, "எங்க வீட்டு விளக்குலேர்ந்து தண்ணி சொட்டுது, அது உங்களோடதா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

மறுபடி போன்.

"கிளம்பிட்டீங்களா?" மேனேஜரின் குரலில் அவசரம். "எனக்கு நேரமில்லை. மேல இருந்து பிரஷர்."

மேல இருந்து! முதலாளி வரை போய்விட்டது. "வந்துட்டே இருக்கேன் சார்," என்றார் மைக்ரான், முழங்கால் நனைய நின்றபடி.

"கேஜ் கையிலதானே இருக்கு?"

அவர் வாஷ்பேசினைப் பார்த்தார். அது ஏற்கெனவே சுவரை விட்டுப் பாதி வந்திருந்தது. "இப்பக் கைக்கு வந்துடும் சார்."

தொழிற்சாலையில் வெட்டுகிற மெஷின் இருக்கிறது. பித்தளைக் குழாயை அறுத்தால் கேஜ் வந்துவிடும். வேறு வழியில்லை. மச்சான் மீதி இரண்டு போல்ட்டையும் கழற்ற, வாஷ்பேசினைப் போர்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போல மைக்ரான் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். படியில் கீழ் வீட்டுக்காரர் பதறிப் போய் வழி விட்டார்.

"யாருக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. உள்ள ஏதோ மாட்டிக்கிச்சு, வெட்டி எடுக்கணும்," என்றான் மச்சான்.

கீழ் வீட்டுக்காரர் நெஞ்சில் கை வைத்தார்.

ஆட்டோவில் போகும்போது மைக்ரான் மன்னிப்புக் கேட்கும் வசனத்தை மனப்பாடம் செய்தார். "சார், என்னை மன்னிச்சிடுங்க, குடும்ப சூழ்நிலை" என்று ஆரம்பித்தார். மூடி வாங்குவது எப்படிக் குடும்ப சூழ்நிலை ஆகும் என்று அவருக்கே விளங்கவில்லை. வேகத்தடையில் ஆட்டோ குதித்தபோதெல்லாம் கேஜின் பிடி அவர் தாடையில் இடித்தது.

தொழிற்சாலை கேட்டில் செக்யூரிட்டி நிறுத்தினார். வெளியே போகும் பொருளைச் சோதிக்க அவருக்குத் தெரியும். உள்ளே வரும் வாஷ்பேசினை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"இது எதுக்கு சார்?"

"டெஸ்டிங்," என்றார் மைக்ரான்.

"நம்ம பம்புக்கா?"

"எல்லாத்துக்கும்."

வெட்டுகிற மெஷினில் நின்றிருந்தது யாரென்று பார்த்ததும் அவருக்கு இருந்த கொஞ்சத் தெம்பும் போயிற்று. மெமோ வாங்கிய அதே டர்னர். அவன் போர்வையை விலக்கிப் பார்த்தான். கேஜை அடையாளம் கண்டுகொண்டான். சுவரில் இருந்த பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு மைக்ரானைப் பார்த்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

"கொஞ்சம் பார்த்து வெட்டுப்பா," என்றார் மைக்ரான். அவர் அவனை 'ப்பா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

"நான் பிடிச்சுக்கிறேன்," என்று மச்சான் வாஷ்பேசினை வாங்கினான். ஈரப் போர்வை, ஈரக் கை. மெஷின் வரை போகவே வேண்டியிருக்கவில்லை. வாஷ்பேசின் சிமெண்டுத் தரையில் விழுந்து தூள் தூளாக உடைந்தது. அந்தக் குவியலுக்கு நடுவே பித்தளைக் குழாய் கேஜோடு மட்டும் முழுசாக நின்றது. டர்னர் அதை எடுத்து, மெஷினில் வைத்துப் பக்குவமாக அறுத்தான். இரண்டு பாதியாகப் பிளந்ததும், ஒரு கீறல்கூட இல்லாமல் கேஜ் மைக்ரானின் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

பழக்கதோஷம், அவர் சட்டென்று மைக்ரோமீட்டரை எடுத்து வெட்டுகளின் ஆழத்தைக் கழித்துக் கணக்குப் போட்டார். இப்போது அந்தத் துளையின் அளவு அவருக்குத் துல்லியமாகத் தெரியும். துளைதான் இல்லை.

"மாமா, ஓடுங்க!" என்றான் மச்சான்.

மேனேஜர் அறைக்கு வெளியே நடைபாதையிலேயே எதிர்ப்பட்டார். நெற்றியில் வியர்வை. மைக்ரான் கேஜை இரண்டு கையாலும் நீட்டினார்.

"சார், என்னை மன்னிச்சிடுங்க. குடும்ப சூழ்நிலை..."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்." மேனேஜர் கேஜை வெடுக்கென்று வாங்கிக் கைக்குட்டையில் சுற்றினார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். "இதைப் பத்தி யார் கேட்டாலும் உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. புரியுதா?"

மைக்ரானுக்கு நன்றாகவே புரிந்தது. சாட்சிப் பொருளைக் கைப்பற்றிவிட்டார்கள். இனி விசாரணைதான். மேனேஜர் ஏதோ மறந்துவிட்டதுபோல அறைக்குள் திரும்பிப் போக, மைக்ரான் தள்ளாடித் தள்ளாடி வாசலுக்கு வந்தார். அங்கே மேனேஜரின் டிரைவர் காரைத் திருப்பி, கதவைத் திறந்து வைத்து, தயாராக நின்றிருந்தார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அண்ணே, மறைக்காம சொல்லுங்க. ஆடிட் ஆளுங்க எங்க உட்கார்ந்திருக்காங்க? ரொம்பக் கோபமா இருக்காங்களா?"

டிரைவர் அவரது ஈரச் சட்டையையும் சிவந்த கண்ணையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆடிட்டா? அப்படி யாரும் வரலையே சார். சமையக்கட்டு சிங்குக்கு மேனேஜர் வாங்கிட்டுப் போற மூடி ஒண்ணு கூடப் பொருந்தலைன்னு வீட்டுல அம்மா காலைலேர்ந்து ஒரே திட்டு, அதான் ஓட்டையை அளக்க இங்க ஏதோ கருவி இருக்காம், யாருக்கும் தெரியாம வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுக்கு வந்திருக்காரு."